சிரிப்புக்குக் காரணம் அந்தப் பையன் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதின்பருவத்துப் பிள்ளைகளை நாயகர்களாக்கி எடுக்கப்படும் கராத்தே, குங்ஃபூ, நிஞ்ஜா படங்களில் பதைபதைக்க வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிடுகிறது என்று உங்கள் சினிமாப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். உண்மைதான், வருகிறது. ஆனால் "சின்னப் பசங்களுக்குச் சண்டை எங்கே வரப்போகிறது" என்ற ஒற்றை வரியில் காரணத்தை முடித்துவிட்டதை எங்களால் ஏற்க முடியவில்லை. அந்தப் பிள்ளைகளில் பலருக்குச் சண்டை நன்றாகவே வரும். எர்னி ரேயஸ் ஜூனியர் 1990இல் வந்த 'டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்ஜா டர்ட்டில்ஸ்' படத்தில் டொனாட்டெல்லோ என்ற ஆமையின் கனத்த உடைக்குள் புகுந்து சண்டை போட்டவர். அடுத்த ஆண்டே இரண்டாம் பாகத்தில் உடையில்லாமல் சொந்த முகத்தோடு நடித்தார். அவர் காலைத் தூக்கினால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

சிரிப்பு வருவது வேறு இடத்திலிருந்து. சண்டைக் காட்சி எடுப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது: கேமரா எங்கே நிற்க வேண்டும், எதிராளி எப்படி விழ வேண்டும், என்ன சத்தம் சேர்க்க வேண்டும், எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்பதெல்லாம் பல பத்தாண்டுகளாகப் பழகிப் படிந்தவை. அத்தனையும் எழுபது, எண்பது கிலோ எடையுள்ள வளர்ந்த ஆண் உடம்புக்காக அமைந்தவை. அவற்றை அப்படியே 45 கிலோ பிள்ளையின் மேல் ஏற்றும்போது எங்கெங்கே இடிக்கிறதோ, அங்கெல்லாம் பார்வையாளர் சிரிக்கிறார். எந்த இடம், எவ்வளவு இடிக்கிறது என்பதைக் கணக்காகவே சொல்லிவிடலாம்.

முதலில், பறந்து விழும் அடியாள். 45 கிலோ பையன் ஓடிவந்து எகிறி உதைக்கிறான். 90 கிலோ ஆள் மூன்று மீட்டர் பின்னால் பறந்து மேசையை உடைத்துக்கொண்டு விழுகிறார். இடுப்பு உயரமான ஒரு மீட்டரிலிருந்து எந்தப் பொருள் விழுந்தாலும் தரையைத் தொட ஏறக்குறைய 0.45 விநாடி ஆகும். அந்த நேரத்துக்குள் மூன்று மீட்டர் போக வேண்டுமென்றால் அந்த ஆள் விநாடிக்கு 6.7 மீட்டர் வேகத்தில் கிளம்பியாக வேண்டும். பையன் தன் வேகம் முழுவதையும் அவருக்குக் கொடுத்துவிட்டு அந்தரத்திலேயே நின்றுபோனான் என்று வைத்துக்கொண்டாலும், அவன் வந்த வேகம் விநாடிக்கு 13 மீட்டருக்கு மேல் இருந்திருக்க வேண்டும். 2009இல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டர் உலக சாதனை படைத்த ஓட்டத்தில் எட்டிய உச்ச வேகமே அதைவிடக் குறைவு. உண்மையில் நன்றாக ஓடிவரும் பிள்ளை விநாடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில் வந்து மோதினால், 90 கிலோ ஆள் ஓரடி பின்வைத்துச் சமாளிப்பார். பையன்தான் தெறித்துக் கீழே விழுவான். பார்வையாளர் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் நடக்கப் பழகிய நாளிலிருந்து எடையும் வேகமும் நம் எல்லோருக்கும் உடம்பால் தெரியும். கண் பார்த்த உடனே உடம்பு அதை மறுத்துவிடுகிறது.

அடியாளைப் பின்னால் இழுப்பது ரோப். சட்டைக்குள் ஹார்னஸ் என்ற தாங்குபட்டையை மாட்டி, முதுகுப் பக்கத்திலிருந்து இழுப்பார்கள். நிஜ உதை நெஞ்சில் பட்டால் முதலில் நெஞ்சு பின்னால் போகும். தலையும் கைகளும் ஒரு கணம் அங்கேயே தங்கிவிட்டு அப்புறம்தான் தொடரும். ரோப் இழுப்பு பெரும்பாலும் இடுப்பில் இறங்குகிறது. அதனால் இடுப்பு முதலில் பின்னால் போகிறது. கையும் காலும் முன்னால் நீட்டிக்கொண்டு, ஆள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பறப்பவர் போல மடங்குகிறார். உதைத்தவர் பருத்த ஆளாக இருந்தால் அந்த மடக்கை நாம் கவனிக்காமல் விட்டுவிடுவோம். உதைத்தது ஒல்லிப் பையன் என்றால் முதலில் கண்ணில் படுவதே அதுதான். சரிசெய்வது கடினமில்லை. இழுப்புப் புள்ளியைத் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே ஏற்றி, தூரத்தை மூன்று மீட்டரிலிருந்து ஒன்றாகக் குறைத்தால் போதும். இன்னும் நல்லது, ரோப்பே வேண்டாம்: எதிராளி ஒற்றைக் காலில் நிற்கும்போதோ படியில் இறங்கும்போதோ பையன் தட்டிவிடட்டும். சமநிலை தப்பிய ஆளைச் சாய்க்க எடை தேவையில்லை என்பது பார்ப்பவருக்கும் தெரியும், அதனால் நம்புவார்.

அடுத்தது குத்து. சினிமாக் குத்து படுவதில்லை. முகத்துக்கும் மடக்கிய கை முட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுவது வழக்கம். அந்த இடைவெளியை மறைப்பது கேமராவின் இடம்: கேமரா, முட்டி, முகம் மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் நீளமான லென்ஸ் போட்டால் முன்னும் பின்னும் இருப்பவை ஒட்டிக்கொள்ளும், இடைவெளி தெரியாது. வளர்ந்தவர்கள் இருவர் ஏறக்குறைய ஒரே உயரம் என்பதால் கேமராவைத் தோள் உயரத்தில் வைத்தாலே இந்தக் கோடு கிடைத்துவிடும். 140 சென்டிமீட்டர் பையன் 180 சென்டிமீட்டர் ஆளின் தாடையைக் குத்தும்போது கோடு கீழிருந்து மேலே சரிவாக ஏறுகிறது. கேமரா வழக்கப்படி தோள் உயரத்திலேயே நிற்கிறது. முட்டி தாடைக்குக் கீழே காற்றில் போவது பட்டவர்த்தனமாகத் தெரிய, பெரியவர் மட்டும் தலையைச் சொடுக்கிக்கொள்கிறார். பையனின் கை வேறு குட்டை. அதே ஒரு சாண் இடைவெளி வளர்ந்தவர் கை நீளத்தோடு ஒப்பிட்டால் சிறிது, அவன் கை நீளத்தோடு ஒப்பிட்டால் பெரிது. போதாக்குறைக்கு, மூன்று நான்கு பிள்ளைகளை ஒரே ஃபிரேமில் அடக்க வைடு லென்ஸ் போட்டுவிடுகிறார்கள். வைடு லென்ஸ் முன்பின் தூரத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். மறைக்க வேண்டிய இடைவெளியை விரித்து வைத்ததாகிவிடுகிறது.

இதற்கு அனுபவமுள்ள ஸ்டன்ட் மாஸ்டர் செய்யும் வேலை எளிது: முதல் அடியைத் தலைக்கு வைக்க மாட்டார். முழங்காலின் பின்பக்கம், வயிறு, காலின் மேற்பாதம், விரல் என்று எதையாவது அடித்து எதிராளியைக் குனிய வைப்பார். தலை பையனின் தோள் மட்டத்துக்கு இறங்கிய பிறகுதான் குத்து. கோடும் நேராகிவிடும், உயர வித்தியாசமும் மறையும், 'இவன் எப்படி இவரை அடிக்க முடியும்' என்ற கேள்விக்குப் பதிலும் கிடைத்துவிடும். ஒரே ஏற்பாட்டில் மூன்று பிழையும் தீர்கிறது.

ஸ்லோமோஷனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தப் படங்களில் மிக முக்கியமான கடைசி உதை அநேகமாக ஸ்லோமோஷனில்தான் வரும், மிகப் பெரிய சிரிப்பும் அங்கேதான் கிளம்பும். அடிபடுபவர் அடி எப்போது வரும் என்று தெரிந்தே நிற்கிறார். அதனால் பழக்கத்தில் ஒரு கணம் முன்னதாகவே தலையைத் திருப்பிவிடுவார். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் சாதாரண ஷாட்டில் இரண்டு ஃபிரேம் முந்தினால் அது 0.08 விநாடி. கண்ணுக்குத் தெரியாது, ஒலியும் சேர்ந்தால் மறைந்தே போகும். அதே ஷாட்டை 96 ஃபிரேமில் எடுத்துத் திரையில் 24இல் ஓட்டினால், அந்த இரண்டு ஃபிரேம் எட்டு ஃபிரேமாகிறது, அதாவது மூன்றில் ஒரு விநாடி. உதை இன்னும் வந்துகொண்டிருக்க, எதிராளி மூன்றில் ஒரு விநாடியாக விழுந்துகொண்டிருக்கிறார். ஸ்லோமோஷனில் எடுப்பதென்று முடிவானால், தொடுகிற கணத்தை அதில் காட்டவே கூடாது. கால் கிளம்புவதை ஸ்லோமோஷனில் காட்டலாம். பட்ட பின் முகத்தைக் காட்டலாம். நடுவில் படுகிற நான்கைந்து ஃபிரேம் இயல்பான வேகத்தில், வேறு கோணத்தில் போக வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறு வேகப்படுத்துவது. பிள்ளைகள் மெதுவாகக் கை வீசுகிறார்கள் என்று கருதி, விநாடிக்கு 20 ஃபிரேமில் எடுத்து 24இல் ஓட்டுவார்கள். அசைவு 1.2 மடங்கு வேகமாகிவிடும், சரி. ஆனால் கையோடு சேர்ந்து ஃபிரேமில் உள்ள எல்லாமே வேகமாகிறது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் தொப்பி 0.45 விநாடிக்குப் பதிலாக 0.375 விநாடியில் தரையில் இருக்கும். பின்னால் நடந்துபோகிறவர் குடுகுடுவென்று ஓடுவார். நீண்ட முடி, தாவணி போலத் தொங்கும் துணி, தூசு, தண்ணீர் இவை நான்கும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். 22 ஃபிரேமில் நிறுத்திக்கொண்டால் வேகம் பத்தில் ஒரு பங்குதான் கூடும்; பின்னணியில் அசைகிற எதுவும் இல்லாத கோணமாக வைத்தால் யாருக்கும் தெரியாது. உபகரணம் ஒன்றுதான், நான்கு ஃபிரேமா இரண்டு ஃபிரேமா என்பதில் பதற்றமும் பொம்மலாட்டமும் பிரிந்துவிடுகின்றன.

ஒலிக்கு வருகிறோம். சண்டைச் சத்தம் ஒற்றைச் சத்தம் இல்லை, அடுக்குகள். பிரம்பை வீசிப் பதிவு செய்த 'விஷ்' ஒன்று. தோலைத் தோலால் அடித்த 'பட்' ஒன்று. கனமான பொருளை அடித்த 'தொம்' ஒன்று. எலும்பு முறிய வேண்டுமானால் செலரித் தண்டை ஒடித்த 'நறுக்' ஒன்று. ஒலிக்கூடத்தில் இவை ஏற்கெனவே கலந்து தயாராக இருக்கும், எடுத்து ஒட்டிவிடுவார்கள். 'தொம்' என்ற கீழடுக்கு எடையைச் சொல்கிற சத்தம். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் மணிக்கட்டிலிருந்து அது வரும்போது காது அவளை எண்பது கிலோ என்கிறது, கண் முப்பத்தைந்து என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத அந்த இடைவெளியில் சிரிப்பு வருகிறது. அந்தக் கீழடுக்கை எடுத்துவிடுங்கள். 'விஷ்'ஷைப் பாதியாகக் குறையுங்கள். 'பட்'டை வைத்துக்கொண்டு, அதன் மேல் அடிபட்டவரின் மூச்சு 'ஹக்' என்று வெளியேறும் சத்தத்தை ஏற்றுங்கள். அடியின் வலு அடித்த கையிலிருந்து பட்ட உடம்புக்கு இடம் மாறிவிடும், நம்பும்படியும் இருக்கும். சத்தம் ஒட்டும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இயற்கையில் சத்தம் எப்போதும் காட்சிக்குப் பின்னால்தான் வரும், முன்னால் வந்ததே கிடையாது. அதனால் மூன்று ஃபிரேம் வரை பிந்தினாலும் நாம் பொறுத்துக்கொள்கிறோம். ஒன்றிரண்டு ஃபிரேம் முந்தினாலே உறுத்தும். பிள்ளைகளின் அடி ஒவ்வொன்றும் எதிர்பார்த்த இடத்தில் விழாமல் முன்பின் ஆகும்; தயாராக இருக்கும் சத்தக் கோவையை மொத்தமாக ஒட்டினால் பாதி அடி முந்திவிடும். ஒவ்வொன்றாக உட்கார்ந்து ஒட்டுவதைத் தவிர வழியில்லை.

குரல் வேறு. கராத்தேயில் கத்துவது மூச்சை இறுக்கி வெளியேற்றுவதற்காக. தனியாகச் செய்துகாட்டும் அசைவு வரிசையான கட்டாக்களில், பெரும்பாலானவற்றில் தொடக்கம் முதல் முடிவு வரை இரண்டே இடத்தில்தான் அது வரும். படத்தில் தடுப்புக்கு ஒன்று, திரும்புவதற்கு ஒன்று என்று வரிசையாகக் கத்துகிறார்கள். அதையும் குரல் உடையாத பையனுக்கு முப்பது வயது ஆளின் கட்டைக் குரலில் டப்பிங் செய்துவிடுகிறார்கள்.

டூப் விஷயத்தில் உங்கள் கட்டுரை நியாயமாக இல்லை. "டூப் போட்டது அப்பட்டமாகத் தெரிகிறது" என்று குறை சொல்கிறது. ஏன் போடுகிறார்கள் என்று சொல்லவில்லை. சட்டம் ஒரு காரணம், நல்ல சட்டம். கலிஃபோர்னியா விதிப்படி, பள்ளி நடக்கும் நாட்களில் 9 முதல் 15 வயது வரையுள்ள நடிகர் தளத்தில் 9 மணி நேரம்தான் இருக்கலாம். அதில் 3 மணி நேரம் பாடம், 1 மணி நேரம் ஓய்வு, வேலைக்கு மிஞ்சுவது 5 மணி நேரம். 16, 17 வயதென்றால் 6 மணி நேரம். சண்டைக் காட்சி என்பது கோணத்துக்குக் கோணம் விளக்கை மாற்றி, ஒத்திகை பார்த்து, திரும்பத் திரும்ப எடுப்பது. ஐந்து மணி நேரத்தில் பிள்ளையின் முகம் தெரியும் ஷாட்டுகளை முடிப்பதே பெரிய காரியம். மீதியை டூப் வைத்துத்தான் எடுத்தாக வேண்டும். ஆபத்தான குதிப்புகளைப் பிள்ளை செய்யாமல் இருப்பதும் சரியே.

ஆனால் குள்ளமான பெரியவரைக் கூப்பிட்டு விக் மாட்டிவிட்டால் அவர் பிள்ளையாகிவிட மாட்டார். வளர்ந்தவரின் உயரத்தில் ஏழரையில் ஒரு பங்கு தலை. பத்துப் பன்னிரண்டு வயதில் ஆறரையில் ஒரு பங்கு. உயரம் அச்சாகப் பொருந்தினாலும் டூப்பின் தலை சிறுத்துத் தெரியும். திரண்ட கெண்டைக்கால், அகன்ற தோள், பருத்த முன்கை, இவை மூன்றும் பின்னாலிருந்து பார்த்தாலே பெரியவர் என்று சொல்லிவிடும். விக் சுழலும்போது முடி இழை இழையாகப் பிரியாமல் மொத்தமாக ஒரே கட்டியாகத் திரும்பும். வைடு ஷாட்டில் இரண்டு விநாடி இதைக் காட்டினால் அரங்கம் சிரிக்கத்தான் செய்யும். டூப் ஷாட் ஒரு விநாடிக்குள் முடிய வேண்டும். பையன் திரும்பத் தொடங்கும் அசைவில் வெட்டி, டூப் திரும்பி முடிக்கும் அசைவில் சேர்க்க வேண்டும். உடை தளர்வாக, முழுக்கையாக இருக்க வேண்டும். உதை என்றால் இடுப்புக்குக் கீழே மட்டும் போதும். முடிந்தால் அதே வயதை ஒட்டிய, பதினெட்டு முடிந்த மெல்லிய உடம்புக்காரரைத் தேட வேண்டும், தேடினால் கிடைப்பார்கள்.

சட்டத்தின் இன்னொரு விளைவு, பதின்வயதுக்காரராகப் பெரியவரையே நடிக்க வைப்பது. 1984இல் வந்த 'தி கராத்தே கிட்' படத்தில் அடிவாங்கும் பள்ளி மாணவராக நடித்த ரால்ஃப் மாச்சியோவுக்குப் படம் வெளியானபோது 22 வயது. அவரை விரட்டி விரட்டி அடிப்பவராக நடித்த வில்லியம் ஸாப்காவுக்கு 18. தெரியாமல் பார்க்கும் யாரும் இதை நம்ப மாட்டார்கள், அவ்வளவு கச்சிதமான தேர்வு. உடல்வாகு அமைந்தால் இந்த வழி மிக நல்ல வழி. அமையாதபோதுதான், தாடி மழித்த பச்சை நிழல் தெரியும் முகத்தோடு வகுப்பறை பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் பற்றிப் பேசுகிறார்கள்.

குருநாதரும் டூப்பானால் என்ன ஆகும் என்பதற்கு 1980களின் நடுவில் வந்த 'நோ ரிட்ரீட், நோ சரண்டர்' சாட்சி. இறந்துபோன புரூஸ் லீ ஆவியாக வந்து பையனுக்குப் பயிற்சி தருகிறார். நடித்தவர் கிம் டாய் சுங். 1973இல் லீ இறந்த பின் 1978இல் முடித்து வெளியிட்ட 'கேம் ஆஃப் டெத்'தில் லீக்கு டூப் போட்டவர், அசைவில் தேர்ந்தவர். தூரத்து ஷாட்டில் அவர் கால் வீசும்போது ஆவி என்பதையே ஏற்றுக்கொள்ளலாம். குளோசப் வந்ததும் அந்த முகம் உலகமே அறிந்த முகம் அல்ல என்பது தெரிகிறது. ஆவி வருவது சிரிப்பில்லை; குளோசப் வைத்ததுதான் சிரிப்பு.

இனி பயிற்சிக் காட்சி. பாட்டு ஒன்று, மூன்று நிமிடம், பையன் தேறிவிடுகிறான். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒழுங்காக வந்து பழகும் மாணவர் கருப்புப் பட்டை வாங்க மூன்று முதல் ஐந்து ஆண்டாகும். பட்டை என்பதே கானோ ஜிகோரோ 1882இல் தொடங்கிய கோடோகன் ஜூடோப் பள்ளியிலிருந்து கிளைத்த ஏற்பாடு, இடையிலுள்ள நிறங்களில் பல 1930களில் ஐரோப்பாவில் சேர்ந்தவை. கதைக்காகக் காலத்தைச் சுருக்குவதில் தவறில்லை, எல்லாக் கதையும் சுருக்கத்தான் செய்கிறது. சிரிப்பு வருவது சுருக்கியதற்கான தடயங்களால்: மூன்று மாதப் பயிற்சி என்று காட்டுகிறார்கள், எல்லா ஷாட்டிலும் நிழல் ஒரே நீளம், சட்டையில் வியர்வைத் திட்டு ஒரே இடம், உடையில் கடையில் மடித்த மடிப்புக் கூடக் கலையவில்லை. ஒரே மதியத்தில் எடுத்தது அப்படியே தெரிகிறது. காலை, உச்சி, மாலை என்று மூன்று வேளையில் எடுங்கள். நான்கு உடை வைத்து, இரண்டைப் பலமுறை துவைத்து வெளுக்க விடுங்கள். அதைவிட முக்கியம், ஒரே உதையைத் திரும்பத் திரும்பக் காட்டுவது. முதலில் இடுப்பு திரும்பாமல் கால் மட்டும் எழும்பி, ஊன்றிய குதிகால் தரையை விட்டுக் கிளம்பிப் பையன் தள்ளாட வேண்டும். பிறகு இடுப்பு திரும்பும், ஆனால் கை தாழ்ந்து முகம் திறந்து கிடக்கும். அதுவும் சரியான பிறகுதான் உதை நிற்கும். தவறு என்ன என்று தெரிந்தால்தான் தேறியது தெரியும். பத்து விதமான உதையைப் பத்து இடத்தில் காட்டினால் எதுவுமே தெரியாது.

பலகை உடைப்பும் இதில் சேரும். மரத்தின் ரேகை, பலகையைத் தாங்கும் இரண்டு விளிம்புகளுக்கும் இணையாக ஓட வேண்டும். அப்போதுதான் சின்னக் கையாலும் பிளக்கும். ரேகை குறுக்கே ஓடினால் பெரியவர் கையே வீங்கும். படத்தில் ரேகையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், கை நெருங்கும் முன்பே முன்கூட்டி அறுத்த நடுக்கோட்டில் தூள் கிளம்பிவிடுகிறது. ரேகையை ஒழுங்காக வைத்துப் பயிற்சி பெற்ற பிள்ளையை விட்டால் அறுக்க வேண்டிய தேவையே வராது.

போட்டி மைதானம்தான் இவ்வகைப் படங்களின் உச்சம். இன்றைய உலகக் கராத்தே சம்மேளன விதிகளில் கைக்குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் உதைக்கு 2, தலையில் உதைக்கு 3. எட்டுப் புள்ளி முந்திவிட்டால் ஆட்டம் முடிந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தலையில் பலமாக அடிப்பதற்கு இடமே இல்லை. தலைக்கு வரும் உதை தோலைத் தொட்டு நின்றால் போதும், அதற்கு மேல் போனால் தண்டனை. படங்களில் நடுவர் விதியை விலாவாரியாக அறிவிப்பார், பத்து நிமிடம் கழித்து அவர் கண்ணெதிரே மூக்கு உடையும், கொடியைத் தூக்கிப் புள்ளி கொடுப்பார். விதியைச் சொல்லாமல் இருந்திருந்தால் நாம் கேட்டிருக்கவே மாட்டோம். நிஜ ஆட்டத்தில் புள்ளி விழுந்ததும் நடுவர் நிறுத்துவார், இருவரும் கோட்டுக்குத் திரும்புவார்கள், பட்டையைச் சரிசெய்வார்கள். அந்த நிறுத்தம்தான் அடுத்த அடிக்கான ஏக்கத்தைக் கூட்டும். அதை வேகத்துக்குத் தடை என்று வெட்டிவிடுவதால்தான் ஆட்டம் தெருச் சண்டையாகவும் நடுவர் வேடிக்கை பார்ப்பவராகவும் ஆகிறார்கள். 'தி கராத்தே கிட்'டில் இந்த நிறுத்தங்கள் ஒழுங்காக இருப்பதற்கு எங்களுக்குத் தெரிந்த காரணம் ஒன்று உண்டு: சண்டை அமைத்த பாட் ஜான்சனே கராத்தேக்காரர், இறுதி ஆட்டத்தின் நடுவராக நடித்தவரும் அவரே.

அந்தப் படத்தின் கடைசியில் நாயகன் இரு கைகளையும் விரித்து ஒற்றைக் காலில் நின்று எகிறி உதைக்கும் கொக்கு உதையைக் கேலி செய்வது ஒரு வழக்கமாகிவிட்டது. எகிறி முன்னால் உதைப்பது கராத்தேயில் உள்ள உதைதான். 2011 ஏப்ரல் 30 அன்று டொரான்டோவில் நடந்த யுஎஃப்சி 129 என்ற கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியில் லியோட்டோ மச்சிடா அப்படி ஒரு எகிறு உதையால்தான் ராண்டி கூட்யூரைச் சாய்த்தார். அவர் ஒரு காலைத் தூக்கிப் பாசாங்கு காட்டினார், எதிராளி அதற்கு இசைந்த கணத்தில் மறுகால் முகத்தில் இருந்தது. இரு கைகளையும் விரித்துக்கொண்டு காத்து நிற்கவில்லை. படத்தின் உதையில் இடறுவது உதை அல்ல, எதிராளி அந்த நிலையைப் பார்த்த பின்பும் நேராக நடந்து வருவது. அவருக்கு அவசரப்பட ஒரு காரணம் வேண்டும் என்பதால்தான் அந்தப் படத்தில் பயிற்சியாளர் ஓரத்திலிருந்து அவரை நெருக்குகிறார். பின்னால் வந்த நகல்களில் உதையை எடுத்துக்கொண்டு அந்த நெருக்குதலை விட்டுவிட்டார்கள்.

கூட்டமாக வரும் அடியாட்கள் ஒவ்வொருவராக முறை வைத்து அடிவாங்குவதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். வாசல், படிக்கட்டு, இரண்டு அலமாரிக்கு நடுவே சந்து என்று ஒருவர்தான் நுழைய முடிகிற இடத்தில் சண்டையை வைத்தால் பிரச்சினையே இல்லை. சிறு உடம்புக்கு அந்த இடங்களில் நிஜமாகவே அனுகூலம் உண்டு.

கடைசியாக, தணிக்கை. குழந்தைகள் பார்க்கும் படத்தில் ரத்தம் கூடாது, வெட்டுக்காயம் கூடாது. நியாயம். ஆனால் ஆயுதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பயன்படுத்த விடாமல் செய்தால் காட்சி கோணலாகிறது. ஆமைகள் படத்தின் முதல் பாகம் வன்முறை மிகுந்தது என்று பெற்றோர்கள் குறைசொன்னார்கள். 1991இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஆயுதங்களைச் சுமந்து திரியும் நாயகர்கள் பெரும்பாலும் அவற்றை எடுக்காமல் கையில் கிடைத்த பொருளால் அடிக்கிறார்கள். பிரிட்டனில் நன்சாக்கு (சங்கிலியால் பிணைத்த இரட்டைக் கழி) திரையில் தெரிவதையே தணிக்கை வாரியம் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. சாசேஜ் சரத்தை நன்சாக்கு போலச் சுழற்றும் நகைச்சுவைக் காட்சியைக்கூட வெட்டினார்கள். இந்த நெருக்கடியில் எடுப்பவர்கள் காயத்துக்குப் பதிலாக மென்மையான விழுகையை வைக்கிறார்கள்: கேக், நீச்சல் குளம், சந்துக்குள் காரணமேயில்லாமல் ஆளுயரத்துக்கு அடுக்கிய வெற்று அட்டைப்பெட்டிகள். அட்டைப்பெட்டி அடுக்கு ஸ்டன்ட் கலைஞர்களின் உயிர்காக்கும் சாதனம். கேமராவுக்கு வெளியே இருக்க வேண்டியது. அது ஃபிரேமுக்குள் தெரிந்துவிட்டால், எந்த ஆள் எங்கே விழப்போகிறார் என்று சண்டை தொடங்கும் முன்பே பார்வையாளருக்குத் தெரிந்துவிடுகிறது. பெட்டிகள் வேண்டுமென்றால் முந்தைய காட்சியிலேயே யாராவது சரக்கு இறக்கிக்கொண்டிருக்கட்டும்.

உடை பற்றி ஒரு வார்த்தை. கராத்தே உடையில் இடப்பக்கம் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது ஜப்பானிய வழக்கில் இறந்தவருக்கு உடுத்தும் முறை. நாயகன் அப்படி உடுத்திக்கொண்டு வெற்றிக் கோப்பையைத் தூக்கும் காட்சியைப் பழகியவர்கள் பார்த்தால் சிரிப்பதா பதறுவதா என்று தெரியாது. தளத்தில் ஒரே ஒரு பயிற்சியாளர் நின்றிருந்தால் ஐந்து விநாடியில் சரிசெய்திருப்பார்.

உங்கள் விமர்சகர்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். "பையனுக்குச் சண்டை வரவில்லை" என்று எழுதும் முன் அந்தக் காட்சியை ஒருமுறை ஒலியை அணைத்துப் பாருங்கள். சிரிப்பு போய்விட்டால் குறை ஒலிப்பதிவில். பிறகு உதை படும் இடத்தில் நிறுத்தி, ஃபிரேம் ஃபிரேமாகத் தள்ளிப் பாருங்கள். எதிராளி முந்தி விழுந்தால் குறை டைமிங்கில், கேமரா உயரம் பொருந்தாவிட்டால் குறை ஒளிப்பதிவில், இடுப்பு முதலில் போனால் குறை ரோப்பில். இவை எதுவும் இல்லாமல், பையனின் ஊன்றிய கால் தள்ளாடுவது மட்டும் மிச்சமிருந்தால் அவன் பெயரை எழுதுங்கள். அப்போதும், அவனுக்கு ஒத்திகைக்கு எத்தனை நாள் கொடுத்தார்கள் என்று விசாரித்து அதையும் அதே பத்தியில் போடுங்கள். சண்டை அமைத்தவர், டூப் போட்டவர் பெயர்களும் படத்தின் முடிவில் ஓடுகின்றன. அவற்றையும் விமர்சனத்தில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சண்டைப் பயிற்சியிலும் படத்தொகுப்பிலும் பணிபுரியும் வாசகர்கள் சிலர்